தினமும் ஒரு கைப்பிடி: பிஸ்தாவா, பாதாமா, வால்நட்டா, முந்திரியா?

"தினமும் கொஞ்சம் நட்ஸ் சாப்பிடுங்கள்" என்று மருத்துவர் சொல்கிறார். எந்த நட்ஸ் என்று கேட்டால், "எதுவானாலும் நல்லதுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலில் தப்பில்லை. ஆனால் நான்கு டப்பாக்களுக்கு முன்னால் நின்று ஒன்றை மட்டும் எடுக்கப்போகிறவருக்கு அது போதாது. என் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கூடியபோது நானும் அப்படித்தான் நின்றேன். அப்போது தேட ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லாத, கொறிக்கும் பழக்கம் உள்ள ஒருவர் ஒரே ஒரு கொட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், ஓட்டோடு இருக்கும் உப்பில்லாத பிஸ்தாவைத்தான் நான் சொல்வேன். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு பாதாம் நல்லது, சிலருக்கு வால்நட். சிலர் பிஸ்தா பக்கமே போகக் கூடாது.

அளவு விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஆய்வுகளிலும் பொட்டலத்தில் சத்து விவரம் போடும் அட்டைகளிலும் "ஒரு பங்கு" என்றால் பெரும்பாலும் 28 கிராம் பருப்பு. பிஸ்தாவில் அது ஏறக்குறைய 49 பருப்பு, பாதாமில் 23, முந்திரியில் 18 போல, வால்நட்டில் 14 பாதிகள். கீழே சொல்லும் எண்கள் எல்லாம் இந்த 28 கிராமுக்குத்தான்.

கலோரிக் கணக்கு

பிஸ்தாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே "கொட்டைகளிலேயே கலோரி குறைவு" என்று ஆரம்பிப்பார்கள். அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் அது ஓரளவு சரி. பிஸ்தா சுமார் 160 கலோரி, முந்திரியும் அதேதான், பாதாம் 165 முதல் 170, வால்நட் 185. பிஸ்தாவுக்கும் பாதாமுக்கும் உள்ள இந்த வித்தியாசம் ஒரு பிஸ்கட்டில் பாதிக்குக்கூட வராது.

ஆனால் அந்த எண்ணையே அப்படியே நம்ப முடியாது என்பதுதான் சுவாரசியமான விஷயம். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வகுத்த முறையில்தான் அட்டைக் கணக்கு போடப்படுகிறது. கொட்டைகளில் இந்தக் கணக்கு இடிக்கிறது. கொட்டையின் கொழுப்பு கெட்டியான செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும். எவ்வளவு மென்றாலும் எல்லாச் சுவரும் உடைவதில்லை. உடையாத செல்லில் இருக்கும் கொழுப்பு குடலைத் தாண்டி அப்படியே வெளியேறிவிடும்.

அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானிகள் இதை ஆட்களுக்குக் கொடுத்தே அளந்தார்கள். கொட்டையைச் சாப்பிடவைத்து, உள்ளே போனது எவ்வளவு, மலத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவுகளின்படி, 28 கிராம் முழுப் பாதாமில் உடலுக்குக் கிடைப்பது 129 கலோரிதான். பிறகு வால்நட்டை அளந்தபோது 146, முந்திரியை அளந்தபோது 137. பிஸ்தாவில்? அட்டை எண்ணைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைவு, அதாவது 150ஐ ஒட்டி.

ஆக, "கலோரி குறைந்த கொட்டை" என்ற பெயர் நியாயமாகப் பாதாமுக்குத்தான் போக வேண்டும். அதுவும் முழுதாக மென்று சாப்பிட்டால்தான். அரைத்து வெண்ணெய்போல் ஆக்கிவிட்டால் செல் சுவர் உடைந்து அந்தச் சலுகையும் போய்விடுகிறது. எடை குறைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பாதாமை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு கிராமில் எத்தனை கலோரி என்பது ஒரு கேள்வி. எத்தனை கிராம் சாப்பிட்டு முடிக்கிறோம் என்பது வேறு கேள்வி.

ஓடு செய்யும் வேலை

இந்த இடத்தில்தான் பிஸ்தா முந்துகிறது. மரத்தில் முற்றும்போதே பிஸ்தாவின் ஓடு தானாக வாய் பிளந்துகொள்கிறது. அதனால் உடைக்கக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு விரல் போதும். பாதாமும் வால்நட்டும் பெரும்பாலும் ஓடு நீக்கித்தான் நம் கைக்கு வருகின்றன. முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால் அதை ஓட்டோடு விற்கவே முடியாது. நான்கில் கொறிப்பவரே ஓடு நீக்கிச் சாப்பிடும்படி சர்வசாதாரணமாகக் கிடைப்பது பிஸ்தா ஒன்றுதான்.

ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்து, ஓட்டை ஒதுக்கி வைக்க வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. அமெரிக்காவின் கிழக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பெயின்டர் என்ற உணவியல் பேராசிரியரின் குழு இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டது. ஓட்டோடு கொடுத்த மாணவர்கள் சராசரியாக 125 கலோரி அளவுக்குச் சாப்பிட்டார்கள். ஓடு நீக்கிக் கொடுத்தவர்கள் 211 கலோரி. இரண்டு தரப்புக்கும் வயிறு நிறைந்த உணர்வில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு சோதனையில், உரித்துப்போட்ட ஓடுகள் மேசையிலேயே கண்ணில் படும்படி கிடந்த நாளில், அவ்வப்போது அப்புறப்படுத்திய நாளைவிட 18 சதவீதம் போலக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எவ்வளவு தின்றோம் என்பதை ஓட்டுக் குவியல் சொல்லிவிடுகிறது.

இவை சிறிய சோதனைகள். ஓரிரு நாள் நடத்தையைத்தான் காட்டுகின்றன. ஒருவர் வருடக் கடைசியில் எத்தனை கிலோ குறைவார் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் இதை நம்புகிறேன், ஏனென்றால் என் கையிலேயே பார்த்திருக்கிறேன். முந்திரிக் கிண்ணம் பக்கத்தில் இருந்தால் நான்கு நான்காக வாய்க்குள் போகிறது, பேச்சு முடிவதற்குள் கிண்ணம் காலி. பிஸ்தாவில் அது நடப்பதில்லை. பாதாமில் 20 கலோரி மிச்சம் பிடித்து, இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டால் என்ன லாபம்? இருபத்து மூன்று பாதாமை எண்ணி எடுத்து டப்பாவை மூடி வைக்கிற கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஓடு தேவையில்லை. எனக்குத் தேவைப்படுகிறது.

உள்ளே இருப்பது என்ன

புரதத்தில் பிஸ்தாவும் பாதாமும் ஏறக்குறைய சமம், 28 கிராமில் 6 கிராம் வரை. முந்திரி 5, வால்நட் 4 சொச்சம். புரதத்துக்காக இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. பிஸ்தாவில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் நல்ல அளவில் இருக்கின்றன என்பது சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலம், அவ்வளவுதான்.

நார்ச்சத்தில் இடைவெளி நன்றாகவே தெரியும். பாதாம் 3.5 கிராம், பிஸ்தா 3, வால்நட் 2, முந்திரி 1கூட முழுதாக இல்லை. மலச்சிக்கலோ சர்க்கரையோ இருப்பவர்களிடம் முந்திரியைக் கடைசியில் வையுங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பிஸ்தாவுக்கே உரிய பலம் என்று மூன்றைச் சொல்லலாம். முதலாவது வைட்டமின் பி6. ஒரு பங்கு பிஸ்தாவில் கிட்டத்தட்ட 0.5 மில்லிகிராம் இருக்கிறது. ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் 1.3 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஹீமோகுளோபின் உருவாகவும், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படும் வேதிப்பொருள்கள் உருவாகவும் இந்த வைட்டமின் வேண்டும். பாதாமில் இது பேருக்குத்தான் இருக்கிறது. முந்திரியும் வால்நட்டும் பிஸ்தாவின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

இரண்டாவது பொட்டாசியம். பிஸ்தாவில் 285 மில்லிகிராம் போல, பாதாமில் 205, முந்திரியில் 185, வால்நட்டில் 125. உப்பின் சோடியம் இரத்த அழுத்தத்தை ஏற்றும்போது எதிர்ப்பக்கம் நின்று இழுப்பது பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இது வரம். மற்றவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது அந்தப் பச்சை நிறம். அதில் பச்சையத்தோடு லூட்டின், ஸியாஸாந்தின் என்ற நிறமிகளும் இருக்கின்றன. கண்ணின் விழித்திரை நடுவில், கூர்மையான பார்வைக்குக் காரணமான இடத்தில், உடல் சேர்த்துவைப்பது இவற்றைத்தான். கீரைகளில் இவை தாராளமாக உண்டு. கொட்டைகளில் சொல்லும்படியான அளவு இருப்பது பிஸ்தாவில்தான். பாதாமில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த நிறமிகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். பிஸ்தாவில் கொழுப்பும் கூடவே இருக்கிறது. கீரையே தொடாதவர்கள் இதைக் கவனிக்கலாம். அதற்காகக் கீரைக்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது.

மற்ற மூன்றும் எங்கே ஜெயிக்கின்றன? பாதாம் வைட்டமின் ஈயில் தனிக்காட்டு ராஜா. ஒரு பங்கில் 7 மில்லிகிராம், அதாவது ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்டப் பாதி; பிஸ்தாவில் அது 1 மில்லிகிராம்கூட இல்லை. கால்சியமும் பாதாமில் இரண்டரை மடங்கு அதிகம், மக்னீசியம் இரண்டு மடங்குக்கு மேல். பால் பொருள்கள் சாப்பிடாதவர்களுக்குப் பாதாம் முதலிடம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வால்நட்டின் கதையே வேறு. தாவர வகை ஒமேகா-3 கொழுப்பு ஒரு பங்கில் 2.5 கிராம் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஆணுக்கு 1.6 கிராமும் பெண்ணுக்கு 1.1 கிராமும் போதும் என்று அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. மற்ற மூன்று கொட்டைகளிலும் இது கிட்டத்தட்ட இல்லை. மீன் சாப்பிடாதவர் வீட்டில் வால்நட் இருப்பது நல்லது.

முந்திரியை வெறும் கொழுப்பு என்று ஒதுக்குவதும் தப்பு. இரும்பும் துத்தநாகமும் செம்பும் நான்கில் அதிகம் முந்திரியில்தான். சீக்கிரம் தீர்ந்துபோகும்படி ருசியாக இருப்பதும் நார்ச்சத்து குறைவதும்தான் அதன் குறை.

இதயத்துக்கு எது என்ற கேள்வி

பிஸ்தா விற்பவர்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொட்டைகளுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மிகப் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. 7,447 பேர், முடிவுகள் 2013இல் வந்தன, ஆட்களைப் பிரித்த முறையில் குறை தெரிந்ததால் திருத்தி 2018இல் மறுபடி வெளியிடப்பட்டன. மத்தியதரைக் கடல் பகுதி உணவோடு தினமும் 30 கிராம் கொட்டை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தன. அந்த 30 கிராம் என்பது 15 கிராம் வால்நட், 7.5 கிராம் பாதாம், 7.5 கிராம் ஹேசல்நட். பிஸ்தா அதில் இல்லவே இல்லை.

அதற்காகப் பிஸ்தா இதயத்துக்கு உதவாது என்று அர்த்தமில்லை. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறா வகைதான். கொலஸ்டிரால் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவர ஸ்டெரால்கள் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கின்றன, கொறிக்கும் கொட்டைகளில் இது முன்வரிசை அளவு. 2015இல் 21 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் பிஸ்தாதான் மற்றக் கொட்டைகளைவிடத் தெளிவாகத் தெரிந்தது. என் அப்பாவுக்காகத் தேடியபோது என்னைப் பிஸ்தா பக்கம் திருப்பியது இதுதான். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு கூட.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2003இல், தினமும் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 42 கிராம் போலக் கொட்டை சாப்பிடுவது இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று அட்டையில் போட அனுமதி கொடுத்தது. பிஸ்தா, பாதாம், வால்நட் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறைவுற்ற கொழுப்பின் அளவைக் காட்டி முந்திரியைச் சேர்க்கவில்லை. "ஆதாரம் சுட்டுகிறது, ஆனால் நிரூபிக்கவில்லை" என்ற பொருளில் ஒரு வரியும் அதோடு கட்டாயம். அந்த வரி எனக்குப் பிடிக்கும். கொட்டைகள் மீதான சோதனைகள் பலவற்றுக்கு அவற்றை விளைவிப்பவர்களின் சங்கங்களே பணம் கொடுக்கின்றன. பிஸ்தாவும் அப்படித்தான், பாதாமும் வால்நட்டும் அப்படித்தான். ஆய்வு பொய் என்று ஆகிவிடாது, ஆனால் "எங்கள் கொட்டைதான் சிறந்தது" என்ற தலைப்பைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான்குமே இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று ஏற்றாதவைதான். பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் பதிலாக இவை வர வேண்டும், அவற்றோடு கூடுதலாக வரக் கூடாது.

யார் பிஸ்தாவை விட வேண்டும்

முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் பிஸ்தாவைச் சோதித்துக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், புரதங்களும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு மற்றதும் மூச்சுத் திணறல்வரை கொண்டுபோகலாம். வால்நட் ஒத்துக்கொள்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது.

நாட்பட்ட சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, மேலே நான் பலம் என்று சொன்னதே ஆபத்து. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். நான்கில் பொட்டாசியம் குறைவு வால்நட்டில். ஆனால் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் அடிக்கடி வருகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். ஆக்சலேட் பாதாமிலும் முந்திரியிலும் அதிகம், பிஸ்தாவில் நன்றாகவே குறைவு. "கிட்னி பிரச்சினை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் தப்பான கொட்டை கையில் வந்துவிடும்.

எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குப் பிஸ்தாவும் முந்திரியும் வயிற்று உப்புசம் தரலாம், குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும் சர்க்கரைகள் இவற்றில் அதிகம். பத்துப் பாதாம், கொஞ்சம் வால்நட் என்றால் பெரும்பாலும் தாங்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் கொட்டையையும் முழுதாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

பிஸ்தா என்று முடிவானால், எந்தப் பிஸ்தா

இதில்தான் நான் ஏமாந்தேன். அப்பாவுக்கு என்று வாங்கிய முதல் பொட்டலம் உப்பு போட்டு வறுத்தது. பாதி தீர்ந்த பிறகுதான் அட்டையைத் திருப்பிப் படித்தேன். உப்பில்லாத பிஸ்தாவில் சோடியம் இல்லாததற்குச் சமம். உப்பு போட்டு வறுத்ததில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும். இரத்த அழுத்தத்துக்காகப் பொட்டாசியத்தைத் தேடிப்போய் சோடியத்தை வாங்கி வருவது என்ன நியாயம்? ஓட்டின் மேல்தானே உப்பு என்றும் சமாதானம் சொல்ல முடியாது, ஓட்டை உதட்டில் வைத்துத்தானே பிரிக்கிறோம்.

பச்சையா வறுத்ததா என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. வறுத்தால் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், மொறுமொறுப்பு கூடும். எண்ணெய் சேர்க்காமல் வறுத்ததா என்று மட்டும் பாருங்கள். பிஸ்தா மணம் போட்ட ஐஸ்கிரீம், கேக் போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பலவற்றில் நிறமும் சர்க்கரையும்தான் இருக்கும்.

ஓட்டோடு வாங்கும்போது எடையில் கிட்டத்தட்டப் பாதி ஓடு. அரைக் கிலோ வாங்கினால் உண்ணக் கிடைப்பது கால் கிலோவுக்குச் சற்று மேல். பாதாம் விலையோடு ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பையில் வாய் திறக்காத கொட்டைகள் சில இருக்கும்; முற்றாதவை அவை, பல்லால் கடித்துத் திறக்க முயற்சி செய்யாதீர்கள்.

பூஞ்சையைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டியது அவசியம். ஈரமும் சூடும் சேர்ந்தால் கொட்டைகளில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். ஓடு தானே பிளப்பதால் பிஸ்தா இதற்கு எளிதில் ஆளாகிறது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானியப் பிஸ்தாவைச் சிறிது காலம் தடைசெய்ததே இதனால்தான். இப்போது சர்வதேச உணவுத் தரம் சாப்பிடத் தயாரான பிஸ்தாவில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகையால் நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கிற பருப்பை "ஒன்றுதானே" என்று விழுங்காமல் துப்பிவிடுங்கள். பெரிய மூட்டையாக வாங்காமல் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சிக்கு வாடையும் வராது. வால்நட்டுக்கு இது இன்னும் முக்கியம், அதன் ஒமேகா-3 மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இப்போது எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மாலையில் ஒரு கிண்ணம், ஓட்டோடு, உப்பில்லாமல். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் வரும். பக்கத்தில் ஓடு போட இன்னொரு கிண்ணம். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அதை யாரும் எடுப்பதில்லை. மீன் சாப்பிடாத அம்மாவுக்குக் காலையில் ஏழு வால்நட் பாதி, மீதி அளவுக்குப் பாதாம்.